வேறொருத்தியின் மதிப்பெண்

நான் வேலை செய்யும் கம்ப்யூட்டர் சென்டர் பெரிய காஞ்சிபுரத்தில், பட்டுக்கடைகள் இருக்கும் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரின்டர், உட்கார நான்கு பிளாஸ்டிக் நாற்காலி. ஜெராக்ஸை முதலாளி பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. வருமானச் சான்றிதழ், பட்டா, கரண்ட் பில் என்று வருடம் முழுக்க ஏதாவது வந்துகொண்டிருக்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு மூன்று, நான்கு வாரம் மட்டும் சாப்பிட நேரம் இருக்காது. பொறியியல் கல்லூரிச் சேர்க்கைக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட வாசல் வரை நிற்பார்கள்.

அந்த விண்ணப்பத்தில் முதல் வேலை கணக்கு திறப்பது. போன் நம்பரும் மெயிலும் கொடுத்தால் பாஸ்வேர்டு வைத்துக் கணக்கு திறந்துவிடலாம். அடுத்தது ப்ளஸ் டூ பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் அடிப்பது. அடித்த உடனே பெயர், பள்ளி, மதிப்பெண் எல்லாம் தானாக வந்து நிற்கும். "இது நீங்கள்தானா?" என்று கேட்கும். "ஆம்" என்று அழுத்தினால் அந்த மதிப்பெண் அந்தக் கணக்கோடு இணைந்துவிடும். அதற்குப் பிறகு நாமாக அதைப் பிரிக்க முடியாது. இதை வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அந்த வருடம் கடைசித் தேதி ஒரு வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. நான் தப்பு செய்தது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.

செவ்வாய் காலையில் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பெண் தனியாக வந்தாள். அப்பா நெசவு. அவளுக்குக் கணக்கைத் திறந்து முடித்ததுமே சைட் நின்றுபோனது. "பேப்பரெல்லாம் இங்கேயே வச்சிட்டுப் போமா, நாளைக்கு வா, முடிச்சிடலாம்" என்றேன். மார்க் ஷீட் ஜெராக்ஸைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் ஓரிக்கையிலிருந்து ஒரு பெண் அம்மாவோடு வந்தாள். விவசாயக் குடும்பம். அவளுக்கும் அதே பெயர், அதே இனிஷியல். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் அந்தப் பெயர் தெருவுக்கு இரண்டு இருக்கும். கணக்கைத் திறந்தேன். அவள் கொண்டுவந்த போட்டோ அளவு சரியில்லை என்று பக்கத்து ஸ்டுடியோவுக்கு அனுப்பினேன். அம்மாவும் கூடவே போனார். அந்த இடைவெளியில் நேரத்தை மிச்சம் பிடிக்க நானே பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் அடித்தேன். கைக்கு வந்த ஜெராக்ஸைப் பார்த்து அடித்தேன். திரையில் பெயர் வந்தது. பெயர் சரி, இனிஷியல் சரி. "ஆம்" என்று அழுத்திவிட்டேன். பின்னால் ஒருவர் ஆதார் திருத்தத்துக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவர்கள் திரும்பி வந்ததும் போட்டோவை ஏற்றி, கட்டணம் கட்டி, சமர்ப்பித்து, பிரின்ட் எடுத்து மடித்துக் கொடுத்தேன். அவர்களும் படித்துப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

புதன் காலை ஒன்பதரைக்குப் பிள்ளையார்பாளையத்துப் பெண் வந்தாள். பதிவெண்ணை அடித்தேன். சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்தது. இந்தப் பதிவெண் ஏற்கெனவே வேறொரு கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது.

திரும்ப அடித்தேன். அதே வரி. அதற்குக் கீழே அந்த வேறொரு கணக்கின் போன் நம்பரில் கடைசி மூன்று எண் மட்டும் தெரிந்தது. நேற்று மதியம் நான் அடித்த நம்பர்தான் என்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாக்கா ஆச்சு?"

"சர்வர் சரியா இல்லமா. சாயங்காலம் வா."

இப்படிப் பொய் சொன்னேன். அவள் சரிக்கா என்று எழுந்து போய்விட்டாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவள் போனதும் என் நோட்டில் குறித்துவைத்திருந்த பாஸ்வேர்டைப் போட்டு ஓரிக்கைப் பெண்ணின் கணக்கைத் திறந்தேன். போட்டோவில் ஓரிக்கைப் பெண் இருந்தாள். பள்ளியும் பிறந்த தேதியும் மதிப்பெண்ணும் மற்றவளுடையது. நல்ல மதிப்பெண். கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு. பிள்ளையார்பாளையத்துப் பெண்ணுக்கு இப்போது இந்தத் தளத்தில் மதிப்பெண்ணே கிடையாது. அவள் படித்ததெல்லாம் அவள் முகம்கூடத் தெரியாத ஒருத்தியின் பேரில் கிடந்தது.

உதவி எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன். எல்லா நேரமும் பிஸி. மெயில் போட்டேன். பெற்றுக்கொண்டோம் என்று மட்டும் பதில் வந்தது. முதலாளியிடம் சொன்னேன். அவர் ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார்.

"நீ அடிச்சதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"அப்ப சர்வர் பிராப்ளம்னே சொல்லும்மா. எல்லாரும் நம்புவாங்க. நீயா போய் மாட்டிக்காத. ஆள் சேர்த்துக்கினு வந்து கடையில நின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம். அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சர்வரை யாரும் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியாது.

மதியம் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் விண்ணப்ப உதவி மையம் போட்டிருந்தார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு சார் இருந்தார். அந்தக் கல்லூரியிலேயே பாடம் எடுப்பவராம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் இரண்டு கட்டம் போட்டு விளக்கினார்.

"இந்தக் கணக்குல தப்பா சேர்ந்திருக்கிற நம்பரை நான் விடுவிக்கலாம். அதுக்கு ரெண்டு பொண்ணுங்களும் ஒரிஜினலோட நேர்ல வரணும். ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். கணக்கு யார் போன்ல இருக்குதோ அந்த போனுக்கு ஓடிபி வரும், அதையும் போடணும்."

"வந்துடுவாங்க சார்."

"இருங்க, இன்னும் இருக்குது. விடுவிச்ச உடனே இந்தக் கணக்கு வச்சிருக்கிற பொண்ணோட அப்ளிகேஷன் காலியாயிடும். முதல்ல இருந்து திரும்பப் போடணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள போட முடியலன்னா அந்தப் பொண்ணுக்கும் கிடையாது. இதை அவங்க கிட்ட நீங்க சொல்லித்தான் கூட்டிக்கினு வரணும். சொல்லாம கூட்டிக்கினு வராதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதையே கணக்குப் போட்டேன். இப்போது ஒருத்திக்கு விண்ணப்பம் இருக்கிறது, ஒருத்திக்கு இல்லை. நாளைக்கு நான் கை வைத்தால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகலாம்.

சாயங்காலம் பிள்ளையார்பாளையத்துப் பெண் வந்தாள். இன்னும் சர்வர் சரியாகவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். "நாளைக்கு லாஸ்ட் டேட்டுக்கா" என்றாள். தெரியும் என்றேன். ஒரே நாளில் இரண்டாவது பொய். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு சந்து முனை வரை போய், ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "போலீஸ் கீலீஸ்னு போயிடுமா?" என்பதுதான். எனக்கு அது வரைக்கும் போலீஸ் ஞாபகமே வரவில்லை. அதற்குப் பிறகு அதுவும் சேர்ந்துகொண்டது.

வியாழன் காலை ஆறரைக்கெல்லாம் பிள்ளையார்பாளையத்தில் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நின்றேன். அவள் கடையில் வைத்துவிட்டுப் போன பேப்பரில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் அப்பா லுங்கியோடு வெளியே வந்தார். அன்றைக்குத் தறியில் பழைய பாவு நூலோடு புதுப் பாவைப் பிணைக்க ஆள் வரச் சொல்லியிருந்தார் போல. அந்த ஆள் என்று நினைத்து வந்தவர், என்னைப் பார்த்ததும் யாருமா என்று கேட்டார். நான் யார் என்பதைச் சொன்னேன். பிறகு நடந்ததையும் உதவி மையத்து சார் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாது என்று பயம்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவள் உள்ளேயிருந்து வந்து அவர் பின்னால் நின்றுகொண்டாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"இது உனக்கு எப்பமா தெரியும்?" என்று அவர் கேட்டார்.

"நேத்து காலையில."

"நேத்து சாயங்காலம் கூட வந்துச்சே பொண்ணு."

"ஆமாங்க."

"அப்பவும் தெரியும்."

"தெரியுங்க."

அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் ஓரிக்கைக்குக் கிளம்பினோம். ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்னால் அந்தப் பெண் சான்றிதழ் பையை மார்போடு அணைத்தபடி வந்தாள். ஒரே ஒரு தடவை, "அவங்க ஒத்துக்கலன்னா இன்னாக்கா பண்றது?" என்று கேட்டாள். டிரைவரிடம் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னேன்.

ஓரிக்கையில் அவர்கள் வீட்டில் அம்மாவும் பெண்ணும் மட்டும் இருந்தார்கள். அப்பா ஏதோ கட்சிக் கூட்டத்துக்கு உத்திரமேரூர் பக்கம் போயிருந்தார். நான் ஓடிபி என்ற வார்த்தையைச் சொன்னதுமே அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. போனை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

"போன வருஷம் பேங்க்ல இருந்து பேசறோம்னு ஒருத்தன் கேட்டான். நான் சொல்லிட்டேன். நகையை அடகு வச்சு எடுத்துப் போட்டிருந்த பணம் மொத்தமும் போச்சு. இப்ப நீ வந்து வாசல்ல நின்னுக்கினு கேக்கற. யாருமா நீ?"

"அன்னைக்கு உங்க பொண்ணுக்கு அப்ளிகேஷன் போட்டேனே, நான்தாங்க."

"போட்டியே, அதான் முடிஞ்சிடுச்சே. பிரின்ட்டும் கொடுத்துட்டே."

அந்த பிரின்ட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அந்தப் பெண் எடுத்து வந்து முதல் தடவையாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் புருவம் சுருங்கியது.

"அம்மா, இது என் மார்க் இல்லமா. நான் மேத்ஸ்ல இவ்ளோ எடுக்கல."

"அதிகமாத்தான் போட்டிருக்குதா?"

"ஆமா."

"அதிகமா இருந்தா நல்லதுதானே?"

பிள்ளையார்பாளையத்துப் பெண் என் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அவளுடைய நூறு மார்க் அந்த வீட்டு வாசலில் ஒரு தாளில் இருந்தது, அதை இன்னொரு அம்மா நல்லது என்று சொல்கிறார். அவள் அப்பா வேப்ப மரத்தடியில் செருப்பைக் கழற்றாமல் தரையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

நான் பொறுமையாகச் சொன்னேன். சீட் கொடுக்கும் முன்னால் ஒரிஜினல் மார்க் ஷீட்டைச் சரிபார்ப்பார்கள், அப்போது உங்கள் பெண் அடுத்தவர் மார்க்கைத் திருடியதாக ஆகும், விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள், உங்கள் பெண்ணுக்கு வேறு எங்கேயும் கிடைக்காமல் போகலாம் என்றேன். இன்றைக்கு விடுவித்தால் உங்கள் பெண்ணின் விண்ணப்பம் கொஞ்ச நேரம் காலியாக இருக்கும் என்பதையும், ஐந்து மணிக்குள் திரும்பப் போட முடியாவிட்டால் அது போய்விடும் என்பதையும் சொன்னேன். அந்தக் கடைசி வரியை விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த சார் சொன்னது காதில் இருந்தது. சொல்லிவிட்டேன்.

அந்த அம்மா வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போடாமலே அவர் குரல் எங்களுக்குக் கேட்டது. ஓடிபி யாருக்கும் சொல்லாதே, அந்தப் பொம்பளைய அங்கேயே உட்கார வை, நான் வர்றேன் என்றார். அவர் வர மாலை ஆகும். அந்த அம்மா போனை வைத்துவிட்டுப் பெண்ணைப் பார்த்தார். பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, செக் பண்ணும்போது எல்லார் முன்னாடியும் கேப்பாங்கம்மா. நான் இன்னா சொல்றது?"

அப்போதும் அந்த அம்மா உடனே எழுந்துவிடவில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். எங்களை வாசலிலேயே நிற்கவைத்துவிட்டு அத்தனையும் செய்தார். மணி பதினொன்றரை ஆனது. பிறகு புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "ஓடிபிய யார் கிட்டேயும் சொல்ல மாட்டேன். நானே வந்து என் கையால அடிக்கிறேன். அதுக்கு ஒத்துக்கினா வர்றேன்" என்றார்.

ஒரே ஆட்டோவில் ஐந்து பேர். இரண்டு பெண்களும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாதி தூரத்தில் ஓரிக்கைப் பெண், "உம் பேரும் அதேதானா?" என்று மெதுவாகக் கேட்டாள். மற்றவள் தலையாட்டினாள்.

கடைசி நாள் என்பதால் உதவி மையத்தில் வராண்டா வரைக்கும் கூட்டம். எங்கள் முறை வந்தபோது மணி மூன்றேகால். சார் இரண்டு பேருடைய ஒரிஜினலையும் பார்த்தார், கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினார். அந்த அம்மாவின் போன் சிணுங்கியது. அவர் முந்தானையிலிருந்து போனை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடித்தார். நான்காவது எண்ணில் போன் திரை அணைந்துவிட்டது. அதைத் திறக்க பெண்ணைக் கூப்பிட்டார். ஆறாவது எண்ணை அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பின்னால் வரிசையில் ஒருவர் சத்தம் போட்டார். சார் ஓடிபியைத் திரும்ப அனுப்பினார். இந்தத் தடவை உடனே வரவில்லை. நாங்கள் ஆறு பேர் ஒரு சின்ன போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வந்தபோது மூன்றே முக்கால். அந்த அம்மா இந்த முறை எண்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடித்தார், கடைசி எண்ணை அடித்ததும் கையை எடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

திரையில் ஓரிக்கைப் பெண்ணின் விண்ணப்பம் வெறுமையானது. எல்லாக் கட்டங்களும் வெள்ளை. அந்த அம்மா அதைப் பார்த்து, "எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்ட குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது.

விடுவித்த எண் திரும்பப் பயன்பாட்டுக்கு வரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார் சார். எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர்தான் ஒதுக்க முடிந்தது. யாருடையதை முதலில் போடுவது என்று நான் கேட்பதற்குள் பிள்ளையார்பாளையத்துக்காரர் பேசினார். காலையில் வீட்டு வாசலில் பேசியதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசியது அப்போதுதான்.

"அவங்களுது முதல்ல போடுமா. நம்மளை நம்பி அவங்க அப்ளிகேஷனை எடுக்க விட்டிருக்காங்க."

சொல்லிவிட்டு வெளியே வராண்டாவுக்குப் போய்விட்டார். பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை என்று நினைக்கிறேன்.

ஓரிக்கைப் பெண்ணை என் பக்கத்தில் உட்காரவைத்து, பதிவெண்ணை அவளையே படிக்கச் சொல்லி அடித்தேன். சான்றிதழ்கள் ஏறுவதற்கு நேரமெடுத்தது. ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அவளுடையது முடிந்தபோது நான்கு முப்பத்தைந்து. பிரின்ட்டை வாங்கி அவளும் அம்மாவும் விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்கள்.

அடுத்தவளின் எண்ணை அடித்தேன். சிவப்பு வரி. சார் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். "ரெண்டு நிமிஷம் விட்டு அடிங்க" என்றார். அந்த இரண்டு நிமிடம் நான் கம்ப்யூட்டரின் ஓரத்தில் இருந்த கடிகாரத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். ஏகாம்பரநாதரையோ காமாட்சியையோகூட நினைக்கத் தோன்றவில்லை. திரும்ப அடித்தேன். பெயர் வந்தது. பள்ளி வந்தது. கணக்குப் பாடத்தில் நூறு வந்தது. "இது நீங்கள்தானா?" என்று கேட்டது.

என்னால் அழுத்த முடியவில்லை. உண்மையாகவே விரல் இறங்கவில்லை.

"நீயே பார்த்து அழுத்துமா" என்றேன். அவள் குனிந்து பெயரைப் படித்தாள், பிறந்த தேதியைப் படித்தாள், எல்லா மார்க்கையும் படித்தாள். அழுத்தினாள். சமர்ப்பித்தபோது ஐந்து மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

வெளியே வந்து அவள் அப்பாவிடம் தாளைக் கொடுத்தேன். மன்னிச்சிடுங்க என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நேத்தே சொல்லியிருக்கலாம்மா" என்றார். ஓரிக்கை அம்மா அதுகூடச் சொல்லவில்லை. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

ஓரிக்கைப் பெண்ணின் அப்பா இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கூட இரண்டு பேர். எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்து நிமிடம் சத்தம் போட்டார். நான் எழுந்து நின்று கேட்டுக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான் என்று முதலாளி முன்னாலேயே சொன்னேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை, போய்விட்டார்.

ரேங்க் பட்டியல் வரும் வரைக்கும் எனக்குப் பயம் தீரவில்லை. வந்த அன்று இரண்டு பேருடையதையும் பார்த்தேன். இருந்தது. பிள்ளையார்பாளையத்துப் பெண்ணுக்குச் சென்னையில் அவள் கேட்ட அரசுக் கல்லூரியிலேயே கிடைத்தது. ஓரிக்கைப் பெண் கடைசியில் பொறியியல் வேண்டாம் என்று பக்கத்திலேயே பி.காம். சேர்ந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஆனால் அதற்குள் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. இந்தத் தப்பு தெரிந்தது அந்தப் பெண் மறுநாள் திரும்பி வந்ததால்தான். வராமல் இருந்திருந்தால்? முந்தைய வருடங்களில் நான் போட்ட விண்ணப்பங்களில் எத்தனை இப்படி? சீட் கிடைக்கவில்லை என்று தலையெழுத்தை நொந்துகொண்டு போன யாருக்காவது நான் காரணமாக இருந்திருப்பேனா? அந்த சீசனின் நோட்டை எடுத்து, ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, அவர்கள் மார்க் ஷீட்டைப் படிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்த்தேன். பத்து நாள் ஆனது. எல்லாம் சரியாக இருந்தது. அதற்கு முந்தைய வருடங்களின் நோட்டுகள் இல்லை. முதலாளி பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டார்.

மறு வருடம் ரிசல்ட் வந்த வாரத்தில் பிள்ளையார்பாளையத்துக்காரர் கடைக்கு வந்தார். கூட அவர் தம்பி மகள். நான் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன். வேறு எத்தனையோ சென்டர் இருக்கிறது. ஏன் இங்கே வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மார்க் ஷீட்டைக் கையில் எடுத்தார்.

"நான் படிக்கிறேன். நீ அடி. அவசரமே இல்ல."

ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். ஒவ்வொரு எண்ணாக அடித்தேன்.